பத்து லட்சம் ரூபாய் ஸ்பீக்கரும் பதினாறடி ஹாலும்

"டேய், பத்து லட்சம் ஒதுக்கி வச்சிருக்கேன், என்ன ஸ்பீக்கர் வாங்கலாம்னு சொல்லு" என்று திருச்சியிலிருந்து சித்தப்பா போன் செய்தார். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், பிள்ளைகள் படிப்பு, கல்யாணம் என்று ஸ்டீரியோ ஆசையை நாற்பது வருடமாகத் தள்ளிப் போட்டவர். "முதல்ல ஹாலை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க சித்தப்பா" என்றேன். ஸ்பீக்கரைக் கேட்டால் இவன் ஹாலைக் கேட்கிறானே என்று அவருக்கு எரிச்சல்.

போட்டோ வந்தது. 16 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம். தரை முழுக்க டைல்ஸ், ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், பின்சுவரோடு ஒட்டிக் கிடக்கிற சோபா. இந்த ஹாலில் எவ்வளவு விலைக்கு ஸ்பீக்கர் வாங்கி வைத்தாலும் பேஸில், அதாவது அடிமட்டச் சுருதியில், சில ஸ்வரங்கள் மட்டும் தனியாகக் குமுறும். எவை என்பதைக்கூட அறையை அளக்கும் டேப் ஒன்று இருந்தால் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடலாம்.

குளியலறையில் முணுமுணுத்துக்கொண்டே சுருதியை மெல்ல ஏற்றிப் பாருங்கள், ஓரிடத்தில் அறையே சேர்ந்து பாடும். ஹாலிலும் அதேதான் நடக்கிறது, ஆனால் ஹால் பெரிது என்பதால் சேர்ந்து பாடும் சுருதி இன்னும் கீழே இருக்கும். நம் ஊர்ச் சூட்டில் ஒலி நொடிக்குச் சுமார் 348 மீட்டர் போகிறது. அதை அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே அலை எந்த அதிர்வெண்ணில் நின்று ஆடும் என்பது கிடைத்துவிடும். சித்தப்பா ஹாலுக்கு நீளவாக்கில் 36 ஹெர்ட்ஸ், அகலவாக்கில் 48, உயரத்தில் 57, அப்புறம் இவற்றின் மடங்குகள். இப்படி நின்று ஆடும் அலை சுவரோரம் உச்சத்தில் இருக்கும், நீளவாக்கு அலை அறையின் நட்ட நடுவில் ஏறக்குறைய காணாமலே போகும். அதனால் பின்சுவரில் ஒட்டின சோபாவில் உட்கார்ந்தால் பேஸ் மண்டையில் இடிக்கும், அதே சோபாவை ஹால் நடுவுக்கு இழுத்தால் அந்த 36 ஹெர்ட்ஸ் எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கும். ஸ்பீக்கர் ஒன்றுதான், பாட்டும் ஒன்றுதான்.

வெளிநாட்டு விமர்சனங்களைப் படித்துவிட்டு வாங்குகிறவர்கள் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. அமெரிக்க வீடுகளில் பெரும்பாலும் மரச்சட்டத்தின் மேல் ஜிப்சம் பலகை அடித்த சுவர்கள். பேஸ் வரும்போது அந்தப் பலகை தானும் கொஞ்சம் அதிர்ந்து சக்தியைத் தின்றுவிடும். நம் செங்கல் சுவர் லேசில் அசையாது, வந்ததைப் பெரும்பாலும் அப்படியே திருப்பி அனுப்பும். அங்கே பேஸ் பிரமாதம் என்று எழுதப்பட்ட ஆளுயர ஸ்பீக்கர் இங்கே வந்து தொம் தொம் என்று ஒரே ஸ்வரத்தில் இடிப்பதற்கு ஸ்பீக்கரைக் குறை சொல்லிப் பயனில்லை.

சரி, அறைதான் எல்லாம் என்றால் எந்த ஸ்பீக்கரையும் வாங்கலாமா? அப்படியில்லை. மோட்டாவாகச் சொன்னால் 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அறையின் ராஜ்யம், அதற்கு மேலே ஸ்பீக்கரின் ராஜ்யம். மேலே போகப் போக, ஸ்பீக்கர் நமக்கு நேராக என்ன அனுப்புகிறது என்பதோடு பக்கவாட்டில் என்ன அனுப்புகிறது என்பதும் முக்கியமாகிவிடுகிறது.

வழக்கமான பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே தாழ்ந்த ஒலிகளுக்கு ஆறரை அங்குல வூஃபர், மேலே உயர்ந்த ஒலிகளுக்கு ஓர் அங்குல ட்வீட்டர். 300 ஹெர்ட்ஸில் அலையின் நீளம் ஒரு மீட்டருக்கு மேல், வூஃபர் கூம்பு அதன் முன்னால் சுண்டைக்காய், ஆகவே ஒலி எல்லாப் பக்கமும் வளைந்து பரவும். 3,000 ஹெர்ட்ஸில் அலை நீளம் 11, 12 சென்டிமீட்டர்தான், கூம்பின் அகலத்துக்குச் சமமாக வந்துவிடுகிறது. அங்கே வூஃபர் டார்ச் லைட் மாதிரி நேராக மட்டும் அடிக்க ஆரம்பிக்கும். கிட்டத்தட்ட அதே இடத்தில் வேலையை ட்வீட்டர் வாங்கிக்கொள்கிறது, அது சின்னது என்பதால் மறுபடி அகலமாகப் பரப்பும். நேரே உட்கார்ந்து அளந்தால் கோடு போட்ட மாதிரி சமமாக இருக்கும், பக்கத்தில் போய் அளந்தால் ஒரு பள்ளமும் ஒரு மேடும் தெரியும். அந்தப் பக்கவாட்டு ஒலி சுவரில் பட்டுச் சில மில்லிநொடி தாமதமாக நம் காதுக்கு வருகிறது. காது இரண்டையும் ஒன்றாகவே கேட்கும், முதலில் வந்ததை வைத்துத் திசையை முடிவு செய்யும், ஆனால் ஒலியின் நிறத்தை இரண்டையும் கலந்துதான் எடுத்துக்கொள்ளும். பாடகி குரல் என்னவோ மாதிரி இருக்கிறதே, எது என்று சொல்லத் தெரியவில்லையே என்று தோன்றினால் பல சமயம் காரணம் இதுதான்.

இதற்கு மருந்து இருக்கிறது. ட்வீட்டரைச் சுற்றி ஆழமில்லாத கிண்ணம் மாதிரி ஒன்றைச் செதுக்கி அதன் பரவலை வூஃபரோடு பொருத்துவது ஒரு வழி. ட்வீட்டரை வூஃபர் கூம்பின் நடுவிலேயே வைத்துவிடுவது இன்னொரு வழி, கெஃப் நிறுவனம் 1988இல் யூனி-க்யூ என்று கொண்டு வந்தது அதைத்தான். பின்பக்கம் போகிற ஒலியையே குறைத்து முன்னால் மட்டும் அனுப்பும் டச் அண்ட் டச், கீ போன்ற நிறுவனங்களின் ஸ்பீக்கர்களும் இப்போது உண்டு. ஸ்பீக்கரை அதற்குப் பின்னால் இருக்கிற சுவருக்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய வீடுகளில் இந்த வகை நிஜமாகவே காப்பாற்றும். சாதாரணப் பெட்டியின் முகம் அந்தச் சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் அலை 95 ஹெர்ட்ஸ் வாக்கில் நேரடி ஒலியோடு எதிராக மோதி அங்கே ஒரு பள்ளம் தோண்டும்.

இதெல்லாம் யாரோ காதால் கேட்டுச் சொன்ன அபிப்பிராயம் இல்லை. ஃபிளாய்ட் டூல் என்பவர் கனடாவின் ஒட்டாவாவில் அரசு ஆய்வுக்கூடத்திலும், பிறகு ஹார்மன் நிறுவனத்திலும் பல்லாண்டு காலம் திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர்களை மறைத்து வைத்து ஆட்களைக் கேட்கச் சொன்னார். எது என்று தெரியாமல் கேட்கும்போது பெரும்பாலானவர்கள் ஒரே மாதிரியான ஸ்பீக்கரைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்: நேரே சமமாக, பக்கவாட்டில் சீராக இறங்குகிற ஒன்றை. 1994இல் அவரும் ஹார்மனில் அவரோடு வேலை செய்த ஷான் ஆலிவும் வெளியிட்ட சோதனையில் அதே ஆட்களிடம் ஸ்பீக்கரைக் காட்டிவிட்டுக் கேட்கச் சொன்னபோது மதிப்பெண் மாறிவிட்டது, பெரிய அழகான பெட்டி ஏறியது, சின்ன பிளாஸ்டிக் பெட்டி இறங்கியது. கேட்டவர்கள் ஹார்மன் ஊழியர்களேதான். ஆலிவ் 2004இல் 70 ஸ்பீக்கர்களை வைத்துச் செய்த கணக்கில் விருப்பத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் பேஸைப் பொறுத்தது என்று வந்தது. பத்து லட்சம் கையில் இருக்கிறவர் இந்த முப்பதை அறையிடம் தோற்றுவிட்டு மீதிக்காக மல்லுக்கட்டுவது எனக்கு விளங்காத கணக்கு. (கேபிளுக்கு ஒரு லட்சம் கொடுப்பவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.)

கடைக்குப் போனால் என்ன செய்வது? சித்தப்பாவோடு ஒரு ஷோரூமுக்குப் போனேன். ஒரு கிடார், ஒரு பெண் குரல், நிறைய மௌனம், இதுதான் போட்டுக் காட்டினார்கள். அது எந்த ஸ்பீக்கரிலும் நன்றாகத்தான் இருக்கும். தவில், நாகஸ்வரம், ஜால்ரா எல்லாம் ஒன்றாக இறங்குகிற கல்யாணப் பதிவு ஒன்றை பென் டிரைவில் கொண்டு போயிருந்தோம், அதைப் போட்டதும் இரண்டு மாடல் வாடிப் போயின. இன்னொன்று, ஒரே ஒரு ஸ்பீக்கரை மட்டும் மோனோவில், அதாவது இடது வலது இரண்டையும் ஒன்றாகக் கலந்து, போடச் சொல்லிக் கேளுங்கள். ஸ்டீரியோவின் அகலமும் ஜாலமும் குறைகளை மறைத்துவிடும், ஒற்றை ஸ்பீக்கரில்தான் குட்டு வெளிப்படும். விற்பனையாளர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. ஒப்பிடும்போது சத்தம் சமமாக இருக்கிறதா என்றும் பாருங்கள், லேசாகச் சத்தம் கூட இருக்கிற ஸ்பீக்கர்தான் நல்ல ஸ்பீக்கர் என்று காது நினைத்துக்கொள்ளும்.

கடைசியில் பட்ஜெட்டில் பாதியை மட்டும் ஸ்பீக்கருக்குப் போட்டோம், பக்கவாட்டு அளவீடு வெளியாகியிருந்த ஒரு நடுத்தர உயர ஜோடி. ஆழ்ந்த பேஸை அதனிடம் எதிர்பார்க்கவில்லை. அதே சத்தத்தை ஒரு ஸ்தாயி கீழே எழுப்பக் கூம்பு நான்கு மடங்கு தூரம் ஆட வேண்டும், அந்த வேலையைத் தனியாக இரண்டு சப்வூஃபர்களிடம் விட்டோம். இரண்டு எதற்கு என்றால், எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் வைத்தால் அந்த வாக்கில் நின்று ஆடும் முதல் அலையை ஒன்று ஒரு பக்கமிருந்தும் மற்றது மறுபக்கமிருந்தும் தள்ளி அடக்கிவிடும். ஆனால் ஒரு சுவரின் நடுவில் வாசல். அதனால் இரண்டாவதுக்கு இடம் தேடப் பழைய வித்தையைத்தான் செய்தோம். சப்வூஃபரைத் தூக்கி நாம் உட்காரும் சோபாவிலேயே வைத்துப் பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போய் பேஸ் எங்கே சமமாகக் கேட்கிறது என்று பார்க்க வேண்டும். அங்கிருந்து இங்கே எப்படிக் கேட்குமோ, இங்கிருந்து அங்கேயும் அப்படியே கேட்கும் என்பதுதான் இதன் அடிப்படை. அறுபத்திரண்டு வயதில் சித்தப்பா முட்டி போட்டுத் தவழ்வதைப் பார்த்து, "என்னங்க தொலைச்சீங்க?" என்றாள் சித்தி.

சுவருக்கு ஒட்டுகிற முட்டை அட்டை மாதிரிப் பஞ்சை வாங்க விடவில்லை. 40 ஹெர்ட்ஸ் அலையின் கால் பங்கே 2 மீட்டருக்கு மேல், ஒரு அங்குலப் பஞ்சு அதை என்ன செய்துவிடும்? ஜமுக்காளமும் அப்படித்தான், மேல் ஸ்தாயியைத் தின்னும், பேஸைத் தொடாது. நாலங்குல ராக்வூல் (கல்லிழைப் பஞ்சு) பலகைகளைத் துணி சுற்றிப் பக்கச் சுவர்களில் மாட்டினோம், புத்தக அலமாரியைப் பின்சுவருக்கு நகர்த்தினோம், சோபாவை அலமாரிக்கு முன்னால் இரண்டரை அடி இழுத்தோம். அளவெடுக்கும் மைக்கும் ரூம் இக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும் வைத்து மிச்சமிருந்த மேடுகளை வெட்டினோம். வெட்டத்தான் முடியும், பள்ளத்தை நிரப்பப் போனால் ஆம்ப்ளிஃபையர்தான் திணறும், அலைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்வது நிற்காது.

48 ஹெர்ட்ஸில் இருந்த மேடு இப்போது வரைபடத்தில் தேடினால்தான் தெரிகிறது. தவிலின் இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கேட்கிறது என்று சித்தப்பா தினமும் போன் செய்கிறார். சோபாவுக்கு முன்னால் இருந்த கண்ணாடி டீப்பாயிலும் ஒலி பட்டுத் தெறிக்கும், அதை எடுத்துவிடுங்கள் என்று சொன்னேன், காபி டம்ளரை எங்கே வைப்பது என்று சித்தி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.