பெற்றவரே பிள்ளையைக் கொல்வது ஏன்? காரணங்களை வகைபிரித்த ஆய்வுகள்

1969-ல் அமெரிக்க மனநல மருத்துவர் பிலிப் ரெஸ்னிக், 1751 முதல் 1967 வரை மருத்துவ இதழ்களிலும் நூல்களிலும் பதிவாகியிருந்த 131 வழக்குகளை அலசினார். எல்லாமே பெற்றோர் தம் பிள்ளையைக் கொன்ற வழக்குகள். கொன்றவருக்கு என்ன நோய் என்பதைவிட, எதற்காகக் கொன்றார் என்பதை வைத்தே அவற்றைப் பிரித்தார்.

ஐந்து வகைகள் கிடைத்தன. அவற்றில் ஏறக்குறைய பாதி வழக்குகள் விழுந்த வகைக்கு அவர் வைத்த பெயர்தான் நம்மைத் திடுக்கிட வைக்கிறது: 'பிறர்நலக் கொலை'. கொலைக்கு அவர் தரும் நற்சான்று அல்ல இது, கொன்றவரின் மனக்கணக்கு. கடும் மனச்சோர்வில் சாக முடிவெடுத்த தாய், 'நான் போனபின் இதுகளை யார் பார்ப்பார்கள்?' என்று பிள்ளைகளையும் கூட்டிச் செல்கிறாள். வேண்டாத பிள்ளை, அடித்ததில் நேர்ந்த சாவு, துணையைப் பழிவாங்கப் பிள்ளையைக் கொல்வது ஆகியவை வேறு மூன்று வகைகள். காரணமே பிடிபடாத, தீவிர மனப்பிறழ்வில் நடந்தவை ஐந்தாவது. இந்த வகைதான் பலவீனமானது என்று ரெஸ்னிக்கே ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டே, பிறந்த 24 மணி நேரத்துக்குள் நடக்கும் கொலையைத் தனியாகப் பிரித்தார். அதைச் செய்பவர்கள் பெரும்பாலும் கர்ப்பத்தை மறைத்த இளம்பெண்கள்; மனநோய் அவர்களிடம் குறைவு.

லண்டன் ஹாலோவே சிறைக்கு வந்த 89 பெண்களை ஆராய்ந்து, டார்பன் என்ற மருத்துவர் 1979-ல் முடிவுகளை வெளியிட்டபோது படம் மாறியது. பிள்ளையைக் கொன்றதாகவோ கொல்ல முயன்றதாகவோ குற்றம் சாட்டப்பட்டவர்கள் அவர்கள். ஆத்திரத்தில் அடித்தவர்கள் 36 பேர், மனநோயாளிகள் 24 பேர். கருணைக்கொலை என்று அவர் கணக்கிட்டது ஒன்றே ஒன்று! நோயில் வாடும் பிள்ளையின் துன்பத்தை முடிக்கச் செய்ததை மட்டுமே அவர் அப்படிக் கொண்டார். ரெஸ்னிக்கின் 'பிறர்நல'த் தாய்மார் பலர் இங்கே மனநோயாளிகள் பட்டியலில்தான் சேர்வார்கள். தவிர, மனநல மருத்துவர்கள் எழுதிவைத்த வழக்குகளில் மனநோய் மிகுந்திருப்பதும், சிறை வாசலில் அடிதடி மிகுந்திருப்பதும் இயல்புதானே. எனக்கென்னவோ, இந்தச் சதவீதங்களைவிட வகைகளே பயன்படும் என்று தோன்றுகிறது.

எப்படி என்றால், சாக நினைப்பதாகச் சொல்லும் தாயிடம், 'பிள்ளைகளை என்ன செய்வதாக யோசித்தீர்கள்?' என்று மருத்துவர் நேராகக் கேட்க வேண்டும் என்பது முதல் வகையிலிருந்து வந்த பாடம். அடிபடும் குழந்தைக்கு இந்தக் கேள்வி உதவாது. அங்கே, 'கட்டிலிலிருந்து விழுந்துவிட்டான்' என்று தூக்கிவரும்போது, முதுகில் பழைய தழும்பும் இருக்கிறதா என்று சட்டையைக் கழற்றிப் பார்க்கும் மருத்துவர் வேண்டும்.