"எலிகளிடம் வெற்றி" என்றால், எந்த எலி?

நான் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு நோய்க்குறியியல் பக்கம் போனவன். தொற்றுநோய் ஆய்வில் இறந்த விலங்கின் நுரையீரலையும் மண்ணீரலையும் ஸ்லைடாக்கி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, உள்ளே என்ன நடந்தது என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. "மாட்டு டாக்டருக்கு டிபி ஆராய்ச்சியில் என்ன வேலை?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். எலிகளிடம் புது மருந்து ஜெயித்ததாகச் செய்தி வந்தால் அவர்களே போன் போட்டு, "அப்போ ஆறு மாசம் மாத்திரை வேண்டாமா?" என்பார்கள். இரண்டுக்கும் என் பதில் ஒன்றுதான்: எந்த எலி?

மனித நுரையீரலில் காசநோய்க் கிருமியைச் சுற்றி உடல் ஒரு முடிச்சு கட்டும். அதுதான் கிரானுலோமா. நோய் முற்றினால் முடிச்சின் நடுப்பகுதி செத்து, பனீர் மாதிரி வெளுத்துப்போகும். ரத்த ஓட்டம் இல்லாத அந்த இடத்திலும் கிருமிகள் இருக்கும், மருந்து அங்கே போய்ச் சேர வேண்டும். ஆய்வகங்களில் சாதாரணமாகப் பயன்படும் பால்ப்-சி வகைச் சுண்டெலியில் இந்தச் செத்த நடுப்பகுதி உருவாவதில்லை, கிருமி பெரும்பாலும் செல்லுக்குள்ளேயே இருந்துவிடும். கினிப்பன்றியில் உருவாகும். சி3ஹெச் வம்சத்தில் ஒரு சுண்டெலி வகையிலும் உருவாகும். கிருமி ஒன்றுதான், ஸ்லைடில் தெரிவது வேறு நோய்.

இந்த வித்தியாசத்தின் விலை என்ன என்று மாக்ஸிஃபிளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் காட்டியது. 2004 வாக்கில், வழக்கமான மருந்துக் கூட்டில் ஐசோனியாசிடுக்குப் பதிலாக இதைச் சேர்த்தபோது சுண்டெலிகள் சீக்கிரம் குணமாயின. சிகிச்சையை நான்கு மாதமாகக் குறைக்கலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. இந்தியா உள்பட பல நாடுகளில் ஏறத்தாழ 1,900 நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2014-ல் முடிவு வந்தது: நான்கு மாதம் போதவில்லை, நோய் திரும்பியவர்கள் அதிகம். அந்தச் செத்த பகுதிக்குள் இந்த மருந்து சரியாக ஊடுருவுவதில்லை என்பது சொல்லப்படும் காரணங்களில் முக்கியமானது. பால்ப்-சி எலியில் அந்தப் பகுதியே இல்லையே, எப்படித் தெரிந்திருக்கும்?

சரி, கினிப்பன்றியை மட்டும் நம்பலாமா? 1950-களின் கடைசியில் சென்னை நோயாளிகளின் கிருமிகளையும் பிரிட்டிஷ் நோயாளிகளின் கிருமிகளையும் கினிப்பன்றிகளில் ஒப்பிட்டார்கள். நம் ஊர்க் கிருமிகளில் பலவும் வீரியம் குறைந்தவையாகத் தெரிந்தன. ஆனால் அந்தக் கிருமிகளைச் சுமந்த சென்னைக்காரர்களின் நோய் ஒன்றும் லேசானதாக இல்லை.

மாட்டு டாக்டர் எதற்கு என்பதற்கும் இங்கேதான் பதில். நுரையீரலில் தெரியும் கோளாறு டிபியா, கூண்டுக்குக் கூண்டு பரவிய சென்டாய் வைரஸா (எலிகளின் நுரையீரலைத் தாக்கும் கிருமி), வெறும் வயசா என்று பிரிக்க அந்த விலங்கின் சொந்த நோய்கள் தெரிந்திருக்க வேண்டும். முடிந்தவரை எது மருந்து கொடுத்த குழு என்று தெரியாமலே ஸ்லைடை வாசிப்போம். தெரிந்தால் கண் ஒரு பக்கம் சாயும், என் கண்ணும்தான்.

செய்தியைப் படிக்கும்போது எலி எந்த வகை, மருந்தை நிறுத்திய பிறகும் காத்திருந்து கிருமி திரும்புகிறதா என்று பார்த்தார்களா, இந்த இரண்டையும் தேடுங்கள். அநேகமாக இருக்காது.

அப்புறம், 2021-ல் ரிஃபாபென்டினும் மாக்ஸிஃபிளாக்சசினும் சேர்ந்த நான்கு மாதச் சிகிச்சை, ஆறு மாதத்துக்கு ஈடானது என்று மனிதர்களிடமே நிரூபணமானது. அது வேறு மருந்துக் கூட்டு. கையில் இருக்கும் ஆறு மாத மாத்திரையை நான்காம் மாதம் நிறுத்திக்கொள்ள அதில் அனுமதி இல்லை.