சவரத்துக்குப் பின் தாடையில் தோன்றும் புடைப்புகள்

"எந்தப் பரு மருந்துக்கும் கேட்கவில்லை, டாக்டர்" என்று கழுத்தையும் தாடையோரத்தையும் காட்டும் இளைஞர்களில் பலருக்கு இருப்பது முகப்பருவே அல்ல. உருப்பெருக்கியில் பார்த்தால், சிவந்த புடைப்பின் நடுவே ஒரு கறுப்பு முடி தோலுக்கடியில் வளையமாகச் சுருண்டு கிடப்பது தெரியும். சுருள்முடி உள்ளவர்கள் ஒட்ட மழிக்கும்போது, முடியின் நுனி கூராகி, வளர வளர வளைந்து தோலையே மறுபடி துளைக்கிறது. தோல்மட்டத்துக்குக் கீழே வெட்டுப்பட்ட முடியோ வெளியே வராமலே மயிர்க்காலின் சுவரைக் குத்துகிறது. உடல் அதை அந்நியப் பொருளாகக் கருதி எதிர்ப்பதால்தான் வீக்கமும் அரிப்பும், சிலருக்குச் சீழும் உண்டாகின்றன.

ஆகவே, களிம்பைத் தேடுவதற்கு முன் சவரம் செய்யும் முறையை மாற்ற வேண்டும். தோலை இழுத்துப் பிடித்து, ஒருமுறை மழித்த இடத்திலேயே எதிர்வாக்கில் மீண்டும் மழிப்பதுதான் சலூன்களிலும் வீடுகளிலும் நல்ல சவரம் என்று கருதப்படுகிறது. இந்தத் தொல்லை உள்ளவர்களுக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. மூன்று, ஐந்து பிளேடு கொண்ட ரேசர்களும் முடியை இழுத்து வெட்டுவதால் மிச்சமுள்ள நுனி உள்ளே பதுங்கிவிடுகிறது. புடைப்புகள் அடங்கும்வரை, ஏறத்தாழ 4 வாரங்கள், சவரத்தை நிறுத்திவிட்டு, ட்ரிம்மரால் 1 மி.மீ. நீளம் விட்டுக் கத்தரிப்பது நல்லது. காவல் பணி, ஓட்டல் பணி என்று தினமும் மழித்தே ஆகவேண்டியவர்கள் கேட்டால் நான் தயங்காமல் மருத்துவச் சான்று எழுதித் தருகிறேன். புடைப்புகள் அடங்கிய பிறகு மழிப்பதென்றால், வெந்நீரில் குளித்த பின், ஜெல் தடவி, ஒற்றை பிளேடால், முடி வளரும் திசையிலேயே மழிக்க வேண்டும். கழுத்தில் அந்தத் திசை இடத்துக்கு இடம் மாறும் என்பதால், முதலில் விரலால் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியே தெரியும் முடிவளையத்தைச் சுத்தமான ஊசியால் மெல்ல நிமிர்த்திவிடலாம். பிடுங்கினால் அடுத்து முளைப்பதும் உள்ளேயே சிக்கும்.

மருந்தாக, இரவில் மயிர்க்கால் அடைப்பைக் குறைக்கும் அடப்பலீன், சீழ் இருந்தால் கிருமியைக் கொல்லும் பென்சாயில் பெராக்சைடு போன்ற பூச்சு மருந்துகளை மருத்துவர் பரிந்துரைப்பார். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலப்புக் களிம்புகள்தான் என் பெரிய கவலை: சில நாள்களில் சிவப்பு குறைவதைக் கண்டு தொடர்ந்து பூசுவார்கள், தோல் மெலியும், அங்கே இருப்பது படர்தாமரையாக இருந்தால் முகமெங்கும் பரவும். மாறாத தொல்லைக்கு, நம் போன்ற மாநிறத் தோலுக்குப் பாதுகாப்பான 1064 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட என்டி-யாக் என்னும் வகை லேசரால் முடியையே குறைக்கலாம். தழும்பு தடித்து வளரும் இயல்புள்ளவர்கள் அதுவரை காத்திராமல் ஆரம்பத்திலேயே தோல் மருத்துவரைப் பார்ப்பது நல்லது.