தோளில் ஏறி அழுத்துவது யோகாவா?

போன வாரம் பதினாலு வயதுப் பையன் ஒருவன், அம்மா தோளைப் பிடித்தபடி நொண்டிக்கொண்டு வந்தான். நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்கார முடிந்தது. சிலம்பம் பழகுகிறவன். போட்டி அன்று காலை, ‘யோகா வார்ம்-அப்’ என்று காலை முன்னும் பின்னும் அகட்டி உட்கார வைத்து, பெரிய பையன் ஒருவன் தோளில் கைவைத்து அழுத்தியிருக்கிறான். பின்னந்தொடையில் ‘டப்’ என்று சத்தம். ‘நரம்பு பிசகிடுச்சு’ என்று மூன்று வாரம் எண்ணெய் போட்டு நீவியிருக்கிறார்கள். எக்ஸ்ரே எடுத்தால், உட்காரும் எலும்பிலிருந்து ஒரு சில்லு பெயர்ந்து நிற்கிறது.

இந்த வருஷம் இவன் மூன்றாவது. பிசியோதெரபிஸ்டாக எனக்குப் பொறுமை போய்விட்டது.

‘சின்னப் பசங்க, எப்படியும் வளையும்’ என்கிறார்கள். வளரும் வயதில் தசை பற்றியிருக்கும் எலும்பின் முனை இன்னும் முழுசாக ஒட்டியிருக்காது. பெரியவர்களுக்குத் தசை கிழிகிற இழுப்பில், இவர்களுக்கு எலும்பே பெயர்ந்துவிடும்.

ஆசானிடம் கேட்டால், “யோகாவும் நம்ம கலைதானே சார், ரெண்டும் ஒண்ணுதான்” என்கிறார். உறவு இருக்கிறது, யார் இல்லை என்றது? கேரளத்துச் சண்டைக் கலையான களரியின் எட்டு விலங்கு வடிவங்களில் பாம்பும் மயிலும் உண்டு, ஆசனங்களிலும் உண்டு. பயில்வான்கள் தண்டால் எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு சூரிய நமஸ்காரத்தில் பாதி பழகின முகமாகத்தான் தெரியும். அதற்காக? அண்ணனுக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையைத் தம்பிக்குக் கொடுப்போமா?

ஆசனம் என்பது அசையாமல் தங்குவது. யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி அதற்குச் சொன்ன இலக்கணமே ‘ஸ்திர சுகம் ஆசனம்’. நிலையாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும். பையன் பல்லைக் கடித்துக்கொண்டு அலறுகிற இடத்தில் சுகம் எங்கே இருக்கிறது? சிலம்பமோ நொடியில் காலை மாற்றித் திரும்புகிற வேலை. களம் இறங்குவதற்குச் சற்று முன் ஒரே நிலையில் ஒரு நிமிஷத்துக்கு மேல் தசையை இழுத்துப் பிடித்தால், சட்டென்று பாய்கிற அதன் சக்தி கொஞ்ச நேரம் குறையத்தான் செய்யும். வேகத்துக்காகச் செய்கிறோம் என்று வேகத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

பழைய ஆசான்கள் இதையெல்லாம் படித்தவர்கள் இல்லை, ஆனால் செய்த முறை சரி. களரியின் மெய்ப்பயிற்சியில் காலை நெற்றி உயரத்துக்கு வீசி உடனே இறக்குவார்கள். யாரும் அதை மேலே பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. சிலம்பத்தில் கம்பைத் தொடுவதற்கு முன்னால் காலடி, அதாவது கால் மாற்றி வைக்கும் பயிற்சி. வார்ம்-அப் உங்கள் கலைக்குள்ளேயே இருக்கிறது, ஐயா.

ஆகவே, முதலில் பத்து நிமிஷம் மெதுவான காலடி. அப்புறம் கம்பு. ஆசனமா? பயிற்சி எல்லாம் முடிந்து உடம்பு சூடாக இருக்கும்போது செய்யுங்கள், அல்லது வேறொரு நாளில். அடுத்தவர் அழுத்துவது கூடவே கூடாது, எந்த வயதிலும். பத்மாசனத்தில் முழங்கால் வலித்தால் காலை எடுத்துவிடுங்கள். இடுப்பு திரும்பாத மிச்சத்தை முழங்கால் சவ்வுதான் தாங்குகிறது.

பெற்றோரே, ‘டப்’ சத்தம் கேட்டது, உட்கார முடியவில்லை என்று பிள்ளை சொன்னால், தயவுசெய்து எண்ணெய்ப் புட்டியை எடுக்காதீர்கள். அன்றைக்கே எக்ஸ்ரே எடுத்து எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். அந்தப் பையன் இப்போது ஊன்றுகோலில் இருக்கிறான். கம்பை எப்போது தொடலாம் என்று என்னிடம் மூன்று தடவை கேட்டுவிட்டான்.