300 என்று மாற்றிவிட்டால் படம் தெளிவாகிவிடாது

வரைகலை படிக்கும் பிள்ளைகள் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ள ஒரு அஞ்சலட்டை வடிவமைப்பது வழக்கம். அப்படி ஒரு மாணவி கொடுத்த ஃபைலை இந்த வாரம் அச்சுக்கு ஏற்றாமல் திருப்பி அனுப்பினேன். ஓவியம் அவரே வரைந்தது, அருமையாக இருந்தது. ஆனால் அதைச் சமூக ஊடகத்தில் ஏற்றி, அங்கிருந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து அட்டையில் வைத்திருந்தார். கேட்டால், "300 டிபிஐக்கு மாத்திட்டேனே சார்" என்கிறார். அச்சுக்கு முந்தைய வேலை பார்க்கும் எங்களுக்கு இது புதிதல்ல, ஒவ்வொரு ஆண்டும் யாராவது இதையேதான் சொல்கிறார்கள். இந்த முறை பேசாமல் விட மனம் வரவில்லை.

300 என்பது படத்தின் தரம் அல்ல. ஓர் அங்குலத்தில் எத்தனை பிக்சல்களை வைக்கப்போகிறோம் என்ற கணக்கு, அவ்வளவுதான். அஞ்சலட்டைக்குப் பலரும் எடுத்துக்கொள்ளும் ஏ6 அளவு 105 × 148 மில்லிமீட்டர். அந்த அட்டை முழுக்க ஒரு படம் வர வேண்டும் என்றால் அதில் குறைந்தது 1240 × 1748 பிக்சல் இருக்க வேண்டும். உங்கள் ஸ்கிரீன்ஷாட்டின் அகலம் 600 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். அதை 105 மில்லிமீட்டர் அகலத்துக்குப் பரப்பினால் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 145 பிக்சல்தான் வரும். தேவையானதில் பாதி கூட இல்லை.

இப்போது மென்பொருளில் 72 என்று இருப்பதை 300 என்று மாற்றுகிறீர்கள். இரண்டில் ஒன்று நடக்கும். 'ரீசேம்பிள்' என்பதில் டிக் இல்லையென்றால் பிக்சல் எண்ணிக்கை அப்படியே இருக்கும், படத்தின் அச்சு அளவு மட்டும் 51 மில்லிமீட்டராகச் சுருங்கும். நீங்கள் அதை அட்டையில் வைத்து மூலையைப் பிடித்து இழுப்பீர்கள், மறுபடி 145. டிக் இருந்தால் மென்பொருள் பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து இடையில் புதிய பிக்சல்களை நிரப்பும். ஃபைல் கனமாகும், 300 என்றும் காட்டும். ஆனால் நீங்கள் வரைந்த மெல்லிய கோடு ஸ்கிரீன்ஷாட்டில் தொலைந்துபோனது தொலைந்ததுதான். அந்தக் கோடு அங்கே இருந்தது என்றே மென்பொருளுக்குத் தெரியாது.

"திரையில நல்லாத்தானே தெரியுது" என்று அடுத்த கேள்வி வரும். நன்றாகத்தான் தெரியும். சாதாரண கணினித் திரையே ஓர் அங்குலத்துக்குச் சுமார் 100 பிக்சல் கொண்டதுதான், அதற்கு 145 தாராளம். காகிதத்துக்கு அது போதாது. அதனால் கண்ணை நம்பாதீர்கள், எண்ணைப் பாருங்கள். பக்கம் வடிவமைக்கும் மென்பொருளில் படத்தைத் தொட்டால் 'எஃபெக்டிவ் பிபிஐ' என்று ஓர் எண் காட்டும். அட்டையில் வைத்த அளவில் படத்துக்கு உண்மையில் என்ன அடர்த்தி இருக்கிறது என்பதை அதுதான் சொல்லும். நாங்கள் ஃபைலைத் திறந்ததும் முதலில் பார்ப்பதும் அதைத்தான். கையால் வரைந்த சின்ன ஓவியத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கப் போகிறீர்களா, ஸ்கேன் செய்யும்போதே 600 வைத்து எடுங்கள். பிக்சல் இல்லாமல் கோடுகளைக் கணக்காகவே சேமிக்கும் வெக்டர் ஓவியமாக இருந்தால் இந்தக் கவலையே இல்லை.

ப்ளீட், அதாவது வெட்டுக்கோட்டுக்கு வெளியேயும் படத்தை நீட்டி வைக்கும் ஓரம் பற்றி வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள். நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் விடுங்கள், ஏ6 என்றால் 111 × 154. எழுத்துகளை வெட்டுக்கோட்டிலிருந்து 5 மில்லிமீட்டராவது உள்ளே தள்ளி வையுங்கள். விளிம்பை ஒட்டி மெல்லிய பார்டர் வேண்டவே வேண்டாம். வெட்டும்போது ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் பார்டர் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் தெரியும். கண்ணைப் பறிக்கும் பச்சையும் நீலமும் அச்சின் நான்கு மைகளான சிஎம்ஒய்கேவில் மங்கும், திரைக்கான ஆர்ஜிபியில் நிறம் தேர்ந்துவிட்டுப் பிறகு வருத்தப்படாதீர்கள். சிறிய எழுத்துகளுக்குக் கறுப்பு மை மட்டும் 100 சதவீதம் போதும். நான்கு மையும் கலந்த கறுப்பை அங்கே போட்டால், அச்சில் இம்மி பிசகினாலும் எழுத்து ஓரங்களில் நிறம் கசியும்.

தமிழில் பெயர் போடுகிறவர்களுக்கு இன்னொன்று. இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் 'வேர்ல்ட் ரெடி கம்போசர்' என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் தட்டினால் சில மென்பொருள்களில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கும். சிலர் அதைக் கவனிக்காமலே அவுட்லைன் ஆக்கி, அதாவது எழுத்தை வெறும் வடிவமாக மாற்றி அனுப்பிவிடுகிறார்கள். அப்புறம் எங்களால் திருத்த முடியாது. உங்கள் பெயரையாவது எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

பின்பக்கத்துக்கு வருவோம். முன்பக்கத்துக்கு மாதக்கணக்கில் உழைப்பவர்கள் பின்பக்கத்தைக் கடைசி ராத்திரியில் செய்கிறார்கள், பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறது. அஞ்சலட்டையை அஞ்சலட்டை ஆக்குவதே அந்தப் பக்கம்தான். 1869இல் ஆஸ்திரியா-ஹங்கேரியில் முதல் அரசு அஞ்சலட்டை வெளிவந்தபோது ஒரு பக்கம் முழுக்க முகவரிக்குத்தான். படம் போட்ட அட்டைகள் வந்த பிறகும் அந்த விதி தொடர்ந்தது, சேதியைப் படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுத வேண்டியிருந்தது. 1902இல் பிரிட்டன் அந்தப் பக்கத்தை இரண்டாகப் பிரிக்க அனுமதித்தது, மற்ற நாடுகளும் அடுத்த சில ஆண்டுகளில் அப்படியே செய்தன. இடப்பக்கம் சேதி, வலப்பக்கம் முகவரி என்று நாம் இன்று பழகியிருப்பது அப்படி வந்ததுதான். அந்த வலப்பாதியில் உங்கள் வாழ்க்கைக் குறிப்பையும் பெரிய லோகோவையும் போட்டு நிரப்பினால், பெறுபவர் முகவரியை எங்கே எழுதுவது? தபால்தலையை எங்கே ஒட்டுவது? இரண்டு பக்கமும் பளபளப்பு லேமினேஷன் கேட்பவர்களும் இருக்கிறார்கள். அதில் பேனா எழுதாது, எழுதினாலும் மை தேய்ந்து போகும். 300 அல்லது 350 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் அட்டையின் எடை, கிராமில்) அட்டையில் முன்பக்கம் மட்டும் லேமினேஷன் செய்து, பின்பக்கத்தை வெறுமையாக விடுங்கள்.

அந்த இடப்பாதியில் என்ன எழுதுவது என்பதிலும் கவனம் வேண்டும். உறை இல்லாமல் போகிற கடிதம் இது, கைமாறும் ஒவ்வொருவரும் படிக்கலாம். பிறந்த தேதி, வீட்டு முகவரி, சொந்த கைபேசி எண் இதெல்லாம் அதில் எதற்கு? தொழிலுக்கென ஒரு மின்னஞ்சல், படைப்புகள் இருக்கும் இணைய முகவரி, போதும். க்யூஆர் கோடு வைத்தால் 2 சென்டிமீட்டருக்குக் குறையாமல் வையுங்கள், சுற்றிலும் வெள்ளை இடம் விடுங்கள். அப்புறம் தயவுசெய்து அந்த "ஃபோட்டோஷாப் 80%, இல்லஸ்ட்ரேட்டர் 70%" பட்டைகளை எடுத்துவிடுங்கள். எதில் எண்பது? வேலை கொடுப்பவருக்கு அது எதையும் சொல்வதில்லை. ஆனால் நன்றாகத் தேர்ந்த ஒரே ஓவியமும், இடைவெளி விட்டு அடுக்கிய நான்கு வரிகளும் நீங்கள் எப்படி யோசிப்பவர் என்பதை உடனே சொல்லிவிடும். ஆறு வேலைகளைச் சின்னச் சின்னதாக்கி ஒட்டிய அட்டையில் ஒன்று கூட மனதில் நிற்பதில்லை.

ஃபைல் அனுப்பும் முன் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். சாதாரண பிரிண்டரில் 'ஃபிட் டு பேஜ்' எடுத்துவிட்டு, சரியாக 100 சதவீத அளவில் இரண்டு பக்கங்களையும் அச்சடியுங்கள். வெட்டி, முதுகோடு முதுகு ஒட்டுங்கள். பின்பக்கத்தில் பேனாவால் ஒரு முகவரியை முழுதாக எழுதிப் பாருங்கள், இடம் போதுமா என்று தெரிந்துவிடும். கை நீட்டும் தூரத்தில் வைத்து எழுத்துகளைப் படியுங்கள். பிறகு அந்த மாதிரியையும் ஃபைலோடு எடுத்து வாருங்கள். முன்பக்கத்தை நெடுக்காகவும் பின்பக்கத்தைப் படுக்கையாகவும் வடிவமைத்திருந்தால், எந்தப் பக்கம் திருப்பினால் பின்பக்கம் நேராக வர வேண்டும் என்பதை அதைப் பார்த்துத்தான் நாங்கள் தெரிந்துகொள்ள முடியும்.