சேஸிஸ் வளைந்தால் எதை எதில் மாட்டலாம்?

முன்னால் போன கார் சட்டென்று நிற்க, பின்னால் வந்த பைக் நேராக முட்டுகிறது. முன்சக்கரம் நின்றுவிட்டது. வண்டியின் மீதி எடையும் ஓட்டுபவரின் எடையும் இன்னும் முன்னோக்கி வந்துகொண்டிருக்கின்றன. இந்த விசையெல்லாம் போய்ச் சேரும் இடம் ஹெட் பைப், அதாவது சேஸிஸின் முன்முனையில் ஹேண்டில் எந்தக் குழாய்க்குள் திரும்புகிறதோ அது. அங்கே ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்குகளான மேல் கோனுக்கும் கீழ் கோனுக்கும் நடுவில் ஒரு சாண்கூட இருக்காது. கீழ் கோனிலிருந்து சக்கரத்தின் அச்சுவரை அரை மீட்டருக்கு மேல். ஆக ஃபோர்க், அதாவது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரட்டைக் குழாய், ஒரு நீளமான நெம்புகோல். அச்சில் விழும் அடி ஹெட் பைப்பில் சில மடங்காகத்தான் இறங்கும். அடி லேசானால் ஃபோர்க் குழாய் மட்டும் வளையும். கொஞ்சம் பலமென்றால் ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் டி-யும் முறுக்கிக்கொள்ளும். அதையும் தாண்டினால் ஹெட் பைப்பே பின்னால் தள்ளப்படும்.

பின்னால் தள்ளப்பட்டது எவ்வளவு? பெரும்பாலும் ஓரிரண்டு டிகிரிதான், கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் அந்த இரண்டு டிகிரி என்ன செய்யும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஹேண்டில் திரும்பும் அச்சை ஒரு கோடாக நினைத்துக்கொண்டு தரைவரை நீட்டுங்கள். அந்தக் கோடு தரையைத் தொடும் புள்ளி, டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் இருக்கும். இந்த இடைவெளிக்கு டிரெயில் என்று பெயர். வண்டி ஓடும்போது டயர் இந்தப் புள்ளியின் பின்னால் இழுபட்டுக்கொண்டே வருவதால், ஹேண்டில் தானாக நேராக நிற்கப் பார்க்கும். முன்சக்கரத்தின் ஆரம் 300 மில்லிமீட்டர், ஹெட் பைப்பின் சாய்வு செங்குத்திலிருந்து 26 டிகிரி, அச்சு அந்தக் கோட்டிலிருந்து 45 மில்லிமீட்டர் முன்தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டிரெயில் சுமார் 96 மில்லிமீட்டர் வரும். சாய்வு 24 டிகிரி ஆனால் 84தான். பன்னிரண்டு மில்லிமீட்டர் காணாமல் போய்விட்டது. மெதுவாக ஓட்டும்போது இது உறைக்காது, வண்டி முன்பைவிட லேசாகத் திரும்புவதுபோல்கூட இருக்கும். எண்பது, தொண்ணூறில் ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்போது ஹேண்டில் உதறும்.

ஹெட் பைப் பின்னால் போனதோடு பக்கவாட்டிலும் முறுக்கியிருந்தால் வேறு கதை. "கைய விட்டா ஒரு பக்கமா இழுக்குது" என்று மெக்கானிக்கிடம் கொண்டுவரப்படும் வண்டிகளில் இந்த ரகம் உண்டு. முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே தளத்தில் சுழலவில்லை என்பதுதான் நோய். பட்டறையில் பின் டயரின் இரு பக்கமும் ஒட்டி நூல் பிடித்து முன்னால் இழுத்துப் பார்ப்பார்கள். முன் டயர் ஒல்லியாக இருப்பதால் நூலுக்கும் டயருக்கும் நடுவே இரு பக்கமும் சந்து இருக்கும். அந்த இரண்டு சந்தும் சமமாக இருக்க வேண்டும். இருபது ரூபாய் நூலில் இவ்வளவு துல்லியமாக வேறு எதையும் பார்க்க முடியாது என்பேன்.

இன்னொன்று: டேங்கைக் கழற்றிவிட்டு, ஹெட் பைப்புக்குப் பின்னால் குழாய்கள் வந்து சேரும் வெல்டிங்கையும், அதை அணைத்திருக்கும் தகட்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள். இரும்பு வளைந்தால் அதன்மேல் இருக்கும் பெயின்ட் கூடவே வளையாது. நீள்கிற பக்கத்தில் முடிபோல மெல்லிய வெடிப்புகள் விழும். நசுங்குகிற பக்கத்தில் பெயின்ட் செதில் செதிலாக எழும்பும். சில வாரம் கழித்துப் பார்த்தால் அந்தக் கோடுகளிலேயே துரு பிடித்திருக்கும். விபத்தை மறைத்து விற்கிற வண்டியில் அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் புதிதாக மின்னும்.

சரி, வளைந்ததை நிமிர்த்த முடியாதா? முடியும். சாதாரண இரும்புக் குழாய், ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் நீண்டு பழைய நிலைக்குத் திரும்பும். அதற்கு மேல் இழுத்தால் நிரந்தரமாக உருமாறிவிடும். அப்படி உருமாறிய இடம் கடினமாகிறது, ஆனால் வளைந்துகொடுக்கும் தன்மை குறைகிறது. ஒரு கட்டுக்கம்பியை மடக்கி நிமிர்த்தினால் பழைய இடத்தில் நேராகாமல் பக்கத்தில் புதிதாக ஒரு நெளிவு விழுமே, அதுதான் குழாயிலும் நடக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் மியூனிக்கில் இருந்த யோஹான் பௌஷிங்கர் என்ற பொறியாளர் இன்னொரு சிக்கலைக் கவனித்தார். ஒரு திசையில் உருமாற்றிய உலோகத்தை எதிர்த்திசையில் தள்ளினால், அது முன்பைவிடக் குறைந்த விசையிலேயே வளைந்துகொடுத்துவிடுகிறது. நிமிர்த்திய சேஸிஸ் அடுத்த முட்டலை எப்படித் தாங்கும் என்று புதிய சேஸிஸைப் போலக் கணிக்க முடியாமல் போவது இதனால்தான். சேஸிஸை அசையாமல் பிடித்து அளவு காட்டும் நல்ல ஜிக்கில் மாட்டி, சூடு காட்டாமல் ஹைட்ராலிக் ஜாக்கில் ஒரு டிகிரி எடுப்பதில் தப்பில்லை. குழாயில் சுருக்கமோ மடிப்போ விழுந்திருந்தால், என்னைக் கேட்டால் அது பழைய இரும்புதான். அலுமினிய சேஸிஸில் இன்னும் மோசம்: வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அதன் பலத்தில் ஒரு பெரும்பகுதி போய்விடும்.

அப்போதுதான் அதே மாதிரி இன்னொரு வண்டியைத் தேடுகிறோம். சேஸிஸ் நேராக இருந்து என்ஜின் போன வண்டி கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆனால் 'அதே மாதிரி' என்பதில்தான் பணம் போகும். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2020இல் வாங்கியதையும் 2022இல் வாங்கியதையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் தெருவில் போகிறவருக்கு வித்தியாசம் தெரியாது. பழையதில் போர் (சிலிண்டரின் விட்டம்) 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மில்லிமீட்டர், 346 சிசி. 2021 செப்டம்பரில் வந்த புதியதில் 72-க்கு 85.8, 349 சிசி. இது சின்ன விஷயம். பழைய சேஸிஸில் முன்னால் ஒரே குழாய்தான் இறங்கும், அது என்ஜினில் போய் நின்றுவிடும். என்ஜினே சேஸிஸின் கீழ்ப்பாதியாக இருந்து பாரத்தைத் தாங்குகிறது. புதியதில் இரண்டு குழாய்கள் இறங்குகின்றன. போல்ட் துளைகள் எங்கேயும் ஒத்துவராது. முன்ஃபோர்க் 35 மில்லிமீட்டரிலிருந்து 41 ஆகிவிட்டதால் டி-யும் மாறிவிட்டது. பெயர் ஒன்று, ஆனால் உள்ளே வேறு வண்டி.

நேர்மாறாக, மீட்டியார் 350, கிளாசிக் 350, ஹண்டர் 350, 2023இல் வந்த புல்லட் 350 எல்லாம் பெயரிலும் தோற்றத்திலும் வேறு வேறு. அடியில் இருப்பது ஒரே என்ஜின் குடும்பம். கம்பெனி இதை ஜே சீரிஸ் என்கிறது. கிளட்ச், பிஸ்டன், கியர்பாக்ஸ் என்று உள்ளே போனால் நிறைய ஒத்துப்போகும். அதற்காக எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று கிளம்பக் கூடாது. சேஸிஸ் அமைப்பு ஒரே சாயலில் இருந்தாலும் அளவு வேறு: அச்சுக்கு அச்சு கிளாசிக்கில் 1390 மில்லிமீட்டர், ஹண்டரில் 1370, மீட்டியாரில் 1400.

ஹண்டரின் முன்சக்கரம் சும்மா கிடக்கிறது, கிளாசிக்கில் போடலாமா என்று பார்ப்போம். அச்சு நுழையும், பேரிங் உட்காரும் என்றே வைத்துக்கொள்வோம். கிளாசிக்கின் முன் டயர் 100/90-19, விட்டம் சுமார் 663 மில்லிமீட்டர். ஹண்டரினது 110/70-17, சுமார் 586. ஆரத்தில் 38 மில்லிமீட்டர் குறைகிறது, வண்டியின் மூக்கு அவ்வளவு இறங்குகிறது. 1390 மில்லிமீட்டர் நீளத்தில் 38 இறங்கினால் ஹெட் பைப் ஏறக்குறைய ஒன்றரை டிகிரி நிமிரும். முட்டிய சேஸிஸ் செய்த அதே வேலையை இப்போது நாமே காசு கொடுத்துச் செய்திருக்கிறோம்.

அதோடு முடியாது. ஏபிஎஸ் என்பது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்க, சக்கரத்தோடு சுற்றும் ஒரு வளையத்திலுள்ள பற்களை எண்ணும் கருவி. ஒரு வினாடிக்கு எத்தனை பல் கடந்தது என்பதை வைத்து முன்சக்கர வேகத்தையும் பின்சக்கர வேகத்தையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். சின்னச் சக்கரம் அதே சாலையில் 13 சதவீதம் அதிகமாகச் சுற்றும். வளையத்தில் பல் எண்ணிக்கை அப்படியே இருந்தால், 60-இல் போகும்போது முன்சக்கரம் 68-இல் போவதாக அதற்குத் தோன்றும். பின்சக்கரம் வழுக்குகிறது என்று ஏபிஎஸ் நினைக்க இது போதும். நல்லவேளையாக விளக்கு எரிந்து அது தன்னை நிறுத்திக்கொண்டால் பரவாயில்லை.

வயரிங்கும் இப்படித்தான். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகை விதி வந்த பிறகு பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய்விட்டது. பழைய வண்டியின் டேங்கில் ஒரு பெட்ரோல் டேப் மட்டும் இருக்கும். புதியதில் டேங்குக்குள் பம்ப், அதற்கு வயர், அதன்பின் என்ஜினை இயக்கும் கணினியான ஈசியு. ஆகவே 2019 வண்டியின் சேஸிஸில் 2020 கடைசியில் வந்த வண்டியின் என்ஜினை இறக்கப் பார்ப்பவர் டேங்க், வயரிங், சென்சார், சாவி எல்லாவற்றையும் சேர்த்தே எடுத்து வர வேண்டும். வேறு சாவியை ஏற்காத திருட்டுத் தடுப்பான இம்மொபிலைசர் உள்ள வண்டிகளில் சாவியும் ஈசியுவும் ஜோடி. ஒன்றை மட்டும் வாங்கினால் ஸ்டார்ட் ஆகாது. சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் பேரம் பேசும்போது வயரிங் கட்டை முழுதாகக் கேட்டு வாங்குவது நல்லது, வெட்டிய வயரிங் பாதி விலைக்கும் பெறாது.

முட்டிய வண்டியிலிருந்து கழற்றுகிறவற்றிலும் சந்தேகம் வேண்டும். பின்சக்கரம், அதைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்ம், சீட், சைலன்சர் இவற்றுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஃபோர்க், டி, முன் ரிம், முன் அச்சு ஆகியவற்றை அளக்காமல் மாட்டவே கூடாது. ஃபோர்க் குழாயைக் கழற்றி வி-பிளாக்கில் (V வடிவப் பள்ளம் உள்ள தாங்கியில்) வைத்து உருட்டினால் வளைவு உடனே காட்டிக்கொடுக்கும். பழைய கிளாசிக்கைப் போல என்ஜினே பாரம் தாங்கும் வண்டியில் இன்னொரு இடத்தையும் பார்க்க வேண்டும். முன்குழாயில் இறங்கிய அடி நேராக என்ஜின் கேஸின் போல்ட் காதுகளுக்குத்தான் போயிருக்கும். அலுமினியக் காது வளையாது, வெடிக்கும். டீசல் விட்டுத் துடைத்து, துளையைச் சுற்றி விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தடுக்கினால் அந்த கேஸ் வேண்டாம்.

கடைசியாக ஆர்டிஓ. சட்டத்தின் கண்ணில் வண்டியின் அடையாளம் ஹெட் பைப்பிலோ அதன் அருகிலோ பொறித்திருக்கும் சேஸிஸ் எண்தான். உங்கள் என்ஜின், டேங்க், சக்கரம் அத்தனையையும் இன்னொரு சேஸிஸில் ஏற்றிவிட்டால், உங்களிடம் இருப்பது அந்த இன்னொரு வண்டி. அதன் ஆர்.சி. உங்கள் பெயருக்கு மாற வேண்டும். என்ஜின் எண் மாறியதையும் அதில் ஏற்ற வேண்டும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆவது பிரிவில், என்ஜின் மாற்றத்துக்கு முன்அனுமதி கேட்கிறது. அனுமதியின்றி மாற்றியிருந்தால் 14 நாளுக்குள் தெரிவிக்கச் சொல்கிறது. தாள் இல்லாத சேஸிஸ் மலிவாகக் கிடைப்பதன் காரணமும் இதுதான். நூல் பிடித்துப் பார்த்து எவ்வளவு நேராக இருந்தாலும், ஆர்.சி. இல்லாத அந்த இரும்பில் ஒரு போல்ட்கூட முறுக்காதீர்கள்.