ரொமான்ஸ்: சொல் வந்த வழி

ரொமான்ஸ் என்ற சொல் பிறந்தபோது அதற்கும் காதலுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அது ஒரு பேச்சுமொழிக்கு வைத்த பெயர்.

ரோமப் பேரரசு சிதைந்த பிறகு, படித்தவர்கள் லத்தீனில் எழுதினார்கள். மக்கள் வாயில் லத்தீன் திரிந்து வேறு மொழிகளாகிக்கொண்டிருந்தது. அப்படிப் பேசுவதை 'ரோமானிகே', அதாவது ரோமானியர் பாணியில் பேசுவது என்றார்கள். பழைய பிரெஞ்சில் அது 'ரொமான்ஸ்' ஆனது. சுவிட்சர்லாந்தின் நான்கு தேசிய மொழிகளில் ஒன்றான ரொமான்ஷ் அதே வேரில் வந்த பெயர்தான்.

மொழியின் பெயர் அப்புறம் அந்த மொழியில் எழுதிய கதைக்கும் ஆகிவந்தது. 12ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கவிஞர் கிரெத்தியன் தெ த்ருவா போன்றவர்கள் எழுதிய ரொமான்ஸ்களில் குதிரைவீரன், மந்திரம், சாகசம், கூடவே ஒரு சீமாட்டி மீது காதல் எல்லாம் உண்டு. அந்தக் கடைசிச் சரக்குதான் நாளடைவில் சொல்லையே பிடித்துக்கொண்டது. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் இன்றும் 'ரொமான்' என்றால் வெறும் நாவல். கொலைக்கதையும் ரொமான்தான்!

ஆங்கிலத்தில் இரண்டும் பிரிந்தன. நடக்காததை உயர்ந்த நடையில் சொல்வது ரொமான்ஸ், அன்றாட வாழ்க்கையைக் காட்டுவது நாவல் என்று 1785இல் ஆங்கில எழுத்தாளர் கிளாரா ரீவ் பிரித்துக் காட்டினார். ஆனால் காதலை அன்றாட வாழ்க்கைக்குள் கொண்டுவரும் வேலை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. அச்சகம் நடத்திய சாமுவேல் ரிச்சர்ட்சன், மாதிரிக் கடிதங்களைத் தொகுத்துக்கொண்டிருக்கும்போது எழுந்த யோசனையில் 1740இல் 'பமேலா' நாவலை வெளியிட்டார். கதை முழுக்கக் கடிதங்களும் நாட்குறிப்பும். காதல் கடிதங்கள் என்று நினைத்துவிட வேண்டாம்; வேலைக்காரப் பெண் பெரும்பாலும் தன் பெற்றோருக்கு எழுதியவை.

சரி, தமிழில் என்ன சொல்வது? ஒரே சொல்லைத் தேடுவது வீண். உணர்வுக்குக் காதல். புத்தகத்துக்குக் காதல் புதினம். இடைக்கால ஐரோப்பியக் கதைக்கு வீரசாகசக் கதை. ரொமான்டிசிசம் என்ற இலக்கிய இயக்கத்துக்குப் புனைவியல் அல்லது கற்பனாவாதம். 'ரெண்டு பேரும் ரொமான்ஸ் பண்றாங்க' என்பதற்குக் கொஞ்சுதல், சரசம் என்று கைவசம் நல்ல சொற்கள் இருக்கின்றன. காதலும் முன்பு அகலமான சொல்தான்: பழந்தமிழில் காதலன் என்றால் மகன் என்றும் பொருள் உண்டு.

காதல் கடிதத்தைக் காதல் மடல் என்றும் எழுதுகிறார்கள். சங்கப் பாட்டில் மடல் வேறு சங்கதி. பனை மடலால் குதிரை செய்து, அதில் ஏறித் தெருவுக்கு வந்து, இன்னாளை விரும்புகிறேன் என்று தலைவன் ஊரறியக் காட்டுவது மடலேறுதல். ஒளித்துக் கொடுக்கும் கடிதத்துக்கு அந்தச் சொல் வந்து சேர்ந்தது வேடிக்கைதான். எனக்குக் காதல் கடிதம் என்பதே போதும்.